‘திருப்பி’ என்கிற சொல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியைத் தாண்டிப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. முதலில் அதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். மற்றதை உட்கார்ந்து படியுங்கள்.

காயம்பட்டவர்களை ஏற்றிப்போக வெள்ளை விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறாரே ஒரு டாக்டரம்மா, அவர் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இருக்கும் கப்பல் என் வேலையறை ஜன்னலிலிருந்தே தெரிகிறது. மேலே வானத்தில் சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் போட முன்பின் தெரியாத அம்மாளிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. குண்டு போடுவதற்கு மட்டும் யார் தயவும் தேவைப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு அதே படகில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் உங்கள் கப்பலுக்கு வந்தாக வேண்டும். உங்கள் தளபதி வைத்த கெடு அது. பிடிபட்ட பன்னிரண்டு வீரர்களைக் கொன்றது யாரோ அவரை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரையே உடைப்போம் என்று சொல்லியிருக்கிறார். ஒப்படைக்கப்படுகிறவரைச் சுடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பப்பட வேண்டியது உங்கள் மனைவி என்று எங்கள் விடுதலைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அவளே போகிறேன் என்றுதான் எழுதிக் கொடுத்தாள். ஆனால் வரப்போவது நான். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் சாப்பாட்டு மேசையில் நாம் போட்ட சண்டைகள் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது எங்கள் ஒரு வாரப் பங்குத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு ஈரத்தோடு சிரித்துக்கொண்டு நின்றீர்கள். இந்தப் பையனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அப்போதே நினைத்தேன். பிறகு உங்கள் குணம் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பனியை நாங்கள் வெட்டி, உருக்கி, உங்கள் கூட்டரசின் கப்பல்களுக்கு நிரப்பிவிட்டு மிச்சத்தைக் குடிக்க வேண்டும் என்று பதினொரு மாதப் பயணத் தூரத்தில் இருக்கிற ஒரு ஆபீஸ் உத்தரவு போடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். “முறைப்படி கேளுங்க மாமா, கிடைக்கும்” என்றீர்கள். “கேட்டு ஒம்போது வருஷமாச்சு மாப்பிள்ளை, அந்த மனுவே இப்பப் பள்ளிக்கூடம் போற வயசுல இருக்கும்” என்றேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். இன்றைக்கும் சொல்கிறேன், நாங்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் நாங்களே பொறுப்பு என்றுதான் கேட்டோம். அதற்கு வந்த பதில் உங்கள் கப்பல்.

எட்டு நாளைக்கு முன் மூன்றாம் கதவை உங்கள் ஆட்கள் வெடி வைத்துத் திறந்தார்கள். கடைத்தெரு முழுக்க இருந்த காற்று ஒரே மூச்சில் வெளியே, காற்றே இல்லாத வெட்டவெளிக்குப் போயிற்று. தையல்கடைக்காரி மெஷினைப் பிடித்துக்கொண்டாள். மெஷினோடு சேர்ந்தே போனாள். அவசரத் தடுப்புகள் மேலிருந்து விழுந்தன. கீழே கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கையும் வளையலும் மட்டும் கிடந்ததை நானே எடுத்து ஒரு துணியில் வைத்தேன். யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

சோடாபுட்டியை உங்களுக்குத் தெரியும். என்னோடு இருபத்திரண்டு வருஷம் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவன். அன்று மூன்றாம் கதவில் அவன்தான் இருந்தான். கவச உடை மாட்டிக்கொண்டதால் தப்பித்தான். உங்கள் ஆட்கள் உள்ளே வந்து அவனைப் பக்கத்து அறைக்குள் தள்ளி, தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றியபோது மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் அவனுக்குத் தன் கையே தெரியாது. தேடிக் குனிந்தான். ஆயுதம் எடுக்கிறான் என்று நினைத்து முதுகில் நாலு தடவை சுட்டார்கள். அறையின் மூலையில் ஒளிந்திருந்த கணக்கு டீச்சர் பார்த்துச் சொன்னது இது. சுட்டவனுக்கு இருபது வயதுகூட இருக்காதாம். பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவன் உட்கார்ந்து வாந்தி எடுத்தானாம்.

எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன், நாங்கள் ஒன்றும் பால்குடி மாறாத பிள்ளைகள் இல்லை. சுரங்கத்துப் பசங்கள் பனி வெட்டும் ரம்பங்களோடு வந்தார்கள். அந்த ரம்பத்துக்குக் கவச உடையும் ஒன்றுதான், அதற்குள் இருக்கிற ஆளும் ஒன்றுதான். குறுகலான தண்ணீர்ச் சந்தில் உங்கள் ஆட்கள் திரும்பக்கூட இடமில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்டது. அந்தச் சந்து இன்னும் கழுவாமல் கிடக்கிறது, கழுவத் தண்ணீர் இல்லை. கூட்டரசு ஆணையரை அவர் ஆபீஸ் மாடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் தலை இடித்தது. பேக்கரிக்காரர் அடுப்புக் கம்பியால் ஆரம்பித்தார், பிறகு ஆளுக்கு ஆள் போட்டார்கள். “பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கு, பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கு” என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். நிற்கவில்லை, தடுக்கவும் இல்லை. அந்தப் பேக்கரிக்காரர்தான் இப்போது குழுத் தலைவர். அவர் பின்னால் சுவரில் பசங்கள் ‘விடுதளை’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்துங்கடா என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி என் வேலை. நான்காம் கதவு சரக்குக் கதவு என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவர்களையும் அதன் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் இருக்கிற கதவறையில் வைத்து அந்த வழியாகத்தான் வெளியே விடுவோம். புதைக்க மண்ணும் இல்லை, எரிக்கக் காற்றும் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ‘அனுப்புவது’ என்று பேர். சாதாரண நாளில் மாதத்துக்கு ஒருவர் இருவர். சொந்தக்காரர்கள் நிற்பார்கள், நான் உள்கதவின் வட்டக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்ப்பேன், தலையை எண்ணிப் பலகையில் எழுதுவேன், கைப்பிடியை இழுப்பேன். முதலில் குழாய் வழியாகக் காற்று போகும், பிறகு வெளிக்கதவு தானாகத் திறக்கும்.

அன்று நிற்க யாரும் இல்லை. உங்கள் மனைவி டெலிபோன் அறையில் தனியாக இருந்தாள், அங்கே வேலை பார்த்த மற்ற இரண்டு பெண்களும் கடைத்தெருவில் செத்துப்போனார்கள். காலையிலிருந்து அவள் குரல்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. “அப்பா, ஒம்போது பேரு, அனுப்பிடுங்க.” “அப்பா, நாலு பேரு, அனுப்பிடுங்க.” மத்தியானத்துக்குள் முப்பத்தொரு பேரை அனுப்பியிருந்தேன். வட்டக் கண்ணாடி முழுக்க ரத்தமும் கரியும் அப்பியிருந்தது. தூக்கி வந்தவர்களின் கைகள் பட்டுப் பட்டு அப்படி ஆகிவிட்டது. துடைப்பதை எப்போதோ விட்டிருந்தேன்.

அப்புறம் சோடாபுட்டியைத் துணியில் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் போய்விட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சுரங்கத்துப் பசங்கள் பிடித்து வைத்திருந்த உங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரை என் கதவறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டம் அவர்களையும் அடித்துக் கொன்றுவிடும் என்று பயந்து செய்த நல்ல காரியம் அது. டாக்டரம்மாவின் படகு அந்தக் கதவுக்குத்தான் வர இருந்தது. அதில் ஏற்றி உங்களிடமே கொடுத்துவிடுவது என்று குழு முடிவு செய்தது. “அந்தப் பன்னெண்டு பேரையும் திருப்பி அனுப்பிடச் சொல்லு” என்று பேக்கரிக்காரர் டெலிபோன் அறைக்குச் சொன்னார். இதில் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மகளுக்கு முன்னால் டெலிபோன் பலகையில் ஆறு விளக்கு ஒரே சமயத்தில் எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு, “அப்பா, நாலாவதுல பன்னெண்டு பேரு, அனுப்பிடுங்க” என்றாள். அடுத்த லைனுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு சொல் விட்டுப்போயிற்று. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியிருந்த வாக்கியம் அது.

நான் இழுத்தேன். பன்னிரண்டு பேரும் செத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து நடந்த விசாரணையில் குழு என்னைக் கேட்டது. உள்ளிருந்து சத்தம் ஏதும் வரவில்லையா என்றார்கள். டக் டக் என்று ஏதோ கேட்டது, குழாய்ச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். குளிரில் குழாய் தட்டுவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சத்தம்.

மாப்பிள்ளை, இந்த இடத்தை உங்கள் தளபதிக்குப் படித்துக் காட்டுங்கள். குழாய் தட்டுவது காற்றை இழுத்த பிறகுதான். காற்று போனால்தான் குழாய் குளிரும், குளிர்ந்தால்தான் தட்டும். இது கதவு வேலை பார்த்தவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். என்னைப் பார்த்து “டேய், புளுகாதே” என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் சோடாபுட்டி, அவனை அன்றைக்கு நானே அனுப்பிவிட்டேன். எனக்கு அந்தச் சத்தம் கேட்டபோது நான் இன்னும் கைப்பிடியைத் தொடவேயில்லை.

முதலில் ஒரு கை தட்டியது. பிறகு பல கைகள். எங்கள் ஊர்க்காரர்கள் தெரியாமல் உள்ளே மாட்டியிருந்தால் தட்டமாட்டார்கள், உள்பக்கத்துப் போனில் பேசுவார்கள். அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆகவே உள்ளே உயிரோடு ஆள் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் யார் என்றும் புரிந்தது. வட்டக் கண்ணாடியைச் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்திருந்தால் ஒரு முகம் தெரிந்திருக்கும். அதனால்தான் துடைக்கவில்லை. இழுத்தேன். தட்டுவது உடனே நிற்கவில்லை. காற்று முழுக்கப் போவதற்கு நாற்பது விநாடி ஆகும். நான் கைப்பிடியை விடவில்லை. நடுவில் விட்டால் போதும், காற்று திரும்ப வந்துவிடும், அப்படித்தான் அந்தக் கதவைச் செய்திருக்கிறார்கள். நாற்பது விநாடியும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சோடாபுட்டியின் மூக்குக்கண்ணாடி அப்போது என் பையில் இருந்தது உண்மை. அதனால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆத்திரம் இருந்தது, கையில் கைப்பிடி இருந்தது, செய்தேன்.

இறந்தவர்களின் பட்டியல் நான் இழுத்த மறுநாள் உங்கள் கப்பலிலிருந்து வந்தது. நான்காவது பெயரை விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் கல்யாணத்தில் உங்களுக்குத் தோழனாக நின்றானே, அந்த நெட்டை. நம் வீட்டு நிலைப்படியில் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டு, “மாமா, உங்க ஊர்ல எல்லாரையும் அளவெடுத்துத்தான் பெத்துப்பீங்களா?” என்று கேட்டான். அவன் ஒருத்தன்தான் என்னை முதல் நாளே மாமா என்று கூப்பிட்டவன். நீங்கள் ஆறு மாதம் ‘சார்’ போட்டீர்கள். முதலில் தட்டிய கை அவனுடையதுதானா என்று யோசிக்காமல் என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவும் போவதில்லை.

இப்போது உங்கள் மனைவியைப் பற்றி. ஆறு நாளாக அவள் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவை அந்தச் சொல்லோடு, ஒரு தடவை அது இல்லாமல். “ஒரே ஒரு வார்த்தைப்பா, எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” என்று என்னைக் கேட்கிறாள். “பன்னெண்டு பேரும் என் வாயாலதாம்பா செத்தாங்க” என்கிறாள். விடும்மா, அன்னைக்கு யாருக்குத்தான் நிதானம் இருந்துச்சு என்று சொல்லித் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பேன். அதைத் தொடமாட்டாள். எனக்குக் கேட்டதம்மா என்று இரண்டு வார்த்தையைச் சொல்ல ஆறு நாளில் எத்தனை தடவை வாயைத் திறந்தேன் தெரியுமா? அவள் நிமிர்ந்து பார்ப்பாள். நான் சட்டென்று சோறு ஆறுது என்பேன். இந்தக் கோழைத்தனத்தைவிட அந்த நாற்பது விநாடியே தேவலை என்று தோன்றுகிறது.

நானே போகிறேன் என்று குழுவிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. “நீங்க சொன்னதைத்தானே செஞ்சீங்க? கதவு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான் மிச்சம். உங்களையும் குடுத்துட்டு நாங்க என்ன செய்யறது? பொண்ணு தானாப் போறேங்குது, விடுங்களேன்” என்றார் பேக்கரிக்காரர். ஒரு ஊருக்கு ஒரு பெண்ணைவிடக் கதவுக்காரன் முக்கியம் என்று அவர் கணக்குப் போட்டது அவர் வேலைக்குச் சரிதான். அந்தக் கணக்கு நேராகட்டும் என்றுதான் ஐந்து நாளாக வெல்டிங் பட்டறைப் பெண்ணுக்குக் கதவு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரி. முதல் பாடமாகக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிக் கொடுத்தேன், ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

நாளைக்கு என் மகளைக் கதவு வரைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கதவறையில் ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போவேன். உள்கதவை உள்ளிருந்து பூட்டினால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. படகு ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்கும். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஆள் யாரானால் எனக்கென்ன, ஒருத்தர் வந்தால் போதும் என்றார். என் மகள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று கதவைத் தட்டுவாள். அது ஒன்றுதான் எனக்குப் பயம். மற்றபடி பயம் இல்லை.

நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. என்னைக் கொண்டுவரும்போது நீங்கள் அங்கே வரக்கூடாது. எனக்காக யாரிடமும் பேசக்கூடாது. பேசினால் உங்களையும் சந்தேகப்படுவார்கள், பிறகு அவளுக்கு யார் இருக்கிறார்கள்? செத்துப்போன பன்னிரண்டு பேரின் வீடுகளுக்கும் யாராவது எழுதுவார்கள் அல்லவா? நெட்டையின் அம்மாவுக்கு மட்டும் நீங்கள் எழுதுங்கள். அவன் எங்கள் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டான், சிரித்தான் என்று எழுதுங்கள். அந்தச் சாப்பாட்டைப் போட்டவன் யார் என்பதை எழுதலாமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

சண்டை என்றைக்காவது நிற்கும். நாங்கள் கேட்டது கிடைக்கிறதோ இல்லையோ, கதவு ஒரு நாள் திறக்கும், நீங்கள் அவளைப் பார்ப்பீர்கள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். என் எழுத்தைப் பார்த்தால் என் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவாள். வாயால் சொல்லுங்கள். உங்கப்பாவுக்குத் தட்டுறது கேட்டுச்சு, கேட்டுட்டுத்தான் இழுத்தார் என்று சொல்லுங்கள். அவள் நம்பமாட்டாள், அடிக்கக்கூட வருவாள். குழாய் விஷயத்தைச் சொல்லுங்கள், கதவுக்காரன் மகள், புரிந்துகொள்வாள்.

அப்புறம் இன்னும் ஒன்று கேட்பாள். நான் ‘திருப்பி’ என்று சொல்லியிருந்தால் அப்பா இழுத்திருப்பாரா என்று கேட்பாள். ஆறு நாளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை, சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் யோசிக்காமல், முகத்தைத் திருப்பாமல், ஆமாம், இழுத்திருப்பார் என்று சொல்லுங்கள். என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும். தூங்கட்டும்.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா